ஒரு மூலை, ஒரு ஜன்னல், ஒரு பழைய திரை: இர்விங் பென்னின் படங்களைப் பார்ப்பது எப்படி?

ஒரு புத்தகத்தைப் பாதி திறந்து நிமிர்த்தி வைத்தால் நடுவில் ஒரு இடுக்கு வரும் இல்லையா? அதே மாதிரி இரண்டு உயரமான தட்டிகளை ஒட்டி நிறுத்தி, அந்த இடுக்குக்குள் போய் நில்லுங்கள் என்று உலகப் புகழ் பெற்றவர்களிடம் சொன்னார் ஒரு புகைப்படக்காரர். இடம் நியூயார்க், ஆண்டு 1948. குத்துச்சண்டை சாம்பியன் ஜோ லூயிஸ் போனார், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி போனார், ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் போனார், கலை உலகத்தையே கலாய்த்துக்கொண்டிருந்த மார்செல் டுஷாம்பும் போனார். அரியணையைத் துறந்த பிரிட்டிஷ் மன்னரின் மனைவியான வின்ட்சர் கோமகளுக்கும் அதே இடுக்குதான். பின்னால் ஒன்றும் இல்லை, பக்கத்தில் ஒன்றும் இல்லை, தரையில் ஒரு பழைய கம்பளத் துண்டு இருந்தால் உண்டு.

அந்தப் புகைப்படக்காரர் இர்விங் பென். ஃபேஷன் புகைப்படம், உருவப்படம் இரண்டையும் பற்றி இப்போதுதான் படிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால் இவரிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். காரணம் எளிது. மற்றவர்களின் படங்களைப் பார்க்கும்போது உடை, மாளிகை, கடற்கரை, வெளிச்ச ஜாலம் என்று கண் நாலு பக்கமும் ஓடும், எது எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பென் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார். மிச்சம் இருப்பது ஒரு ஆள், ஒரு வெளிச்சம், ஒரு வெற்றுத் திரை. புகைப்படம் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அந்த மூலையையே எடுத்துக்கொள்வோம். கேமரா முன்னால் நிற்கிறவருக்கு வரும் முதல் தொல்லை கை. கையை எங்கே வைப்பது? தொங்கவிட்டால் அசடு மாதிரி இருக்கிறது, கட்டிக்கொண்டால் கோபம் மாதிரி இருக்கிறது. புகழ் பெற்றவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அவர்களிடம் ஏற்கெனவே நூறு முறை ஒத்திகை பார்த்த ஒரு முகம் இருக்கும், கேமராவைப் பார்த்ததும் அதை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். பென்னின் இடுக்கு இந்த இரண்டையும் ஒரே அடியில் தீர்த்தது. சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறது, தள்ளிப் பார்க்கவும் சுவர் இருக்கிறது, ஆனால் விலகிப் போக இடம் இல்லை. அப்போது உடம்பு தானாக ஏதாவது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அந்த முடிவு ஆளுக்கு ஆள் மாறும். எழுத்தாளர் ட்ரூமன் கபோட் தன்னைவிடப் பெரிய ஒரு கோட்டுக்குள் ஒடுங்கி, நாற்காலி மேல் முட்டி போட்டுக்கொண்டு பார்க்கிறார். ஸ்ட்ராவின்ஸ்கி காதருகே கையைக் குவித்து வைத்து எதையோ உற்றுக் கேட்கிறார். இந்த அடைப்பு ஆட்களுக்கு ஒருவித ஆறுதலைக் கொடுத்ததாகப் பென் பிற்பாடு எழுதியிருக்கிறார். எனக்கு எல்லா முகத்திலும் ஆறுதல் தெரியவில்லை, சிலர் மாட்டிக்கொண்ட மாதிரிதான் இருக்கிறார்கள். ஆனால் யாருமே சும்மா நிற்கவில்லை, அதுதான் விஷயம்.

இது ஏன் புதுசு என்று தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். வோக் பத்திரிகையில் முதல் பெரிய ஃபேஷன் புகைப்படக்காரர் என்று பரோன் அடால்ஃப் டி மெயரைச் சொல்வார்கள். பின்னாலிருந்து வரும் ஒளி, வெள்ளிச் சரிகை, கனவு மாதிரி மங்கலான ஓரங்கள், இதுதான் அவர் பாணி. 1923-ல் வோக்கை நடத்திய கோண்டே நாஸ்ட் நிறுவனத்துக்கு எட்வர்ட் ஸ்டைக்கன் வந்தார், மங்கலைத் துடைத்துவிட்டுக் கோடுகளைக் கூர்மையாக்கினார். முப்பதுகளில் ஹார்ஸ்ட், செசில் பீட்டன் போன்றவர்கள் கையில் அது நாடக மேடை ஆகிவிட்டது: தூண்கள், கண்ணாடிகள், சிலைகள், எல்லாப் பக்கத்திலிருந்தும் விளக்குகள். எதிர்முகாமில் ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக மார்ட்டின் முன்காச்சி 1933-ல் ஒரு மாடலைக் கடற்கரையில் ஓட வைத்துப் படமெடுத்தார், ஃபேஷன் முதல் முறையாக மூச்சு வாங்கியது. பின்னால் ரிச்சர்ட் அவெடன் பாரிஸ் தெருக்களுக்கு மாடல்களை இறக்கிவிட்டதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். ஆக ஒரு பக்கம் மேடை, இன்னொரு பக்கம் தெரு. பென் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தார்: காலியிடம்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917 ஜூன் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் ப்ளெயின்ஃபீல்டில் பிறந்தார். தம்பி ஆர்தர் பென் பின்னாளில் பேர்பெற்ற ஹாலிவுட் இயக்குநர். அண்ணன் படித்தது புகைப்படம் இல்லை, வடிவமைப்பு. பிலடெல்ஃபியாவில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் அலெக்ஸி ப்ரோடோவிச், ஹார்ப்பர்ஸ் பஜாரின் கலை இயக்குநர், பக்கத்தில் வெற்றிடம் விடுவதை ஒரு கலையாகவே செய்தவர். பென்னின் காலியிடம் அந்த வகுப்பில்தான் முளைத்தது என்பது என் ஊகம். பத்திரிகைக்கு ஓவியம் வரைந்து கொடுத்த காசில் 1938-ல் ஒரு ரோலிஃப்ளெக்ஸ் கேமரா வாங்கினார். ஆனாலும் ஆசை ஓவியராக வேண்டும் என்பதுதான். மெக்ஸிகோவுக்குப் போய் ஒரு வருஷம் வரைந்து பார்த்தார், தேறவில்லை என்று தானே முடிவு செய்து துணியிலிருந்த சாயத்தைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தார். தன் வேலையைப் பற்றி இவ்வளவு இரக்கமில்லாமல் தீர்ப்பு சொல்லக்கூடிய ஆள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பிரிண்ட் போடும் கதை வரும்போது இது தேவைப்படும்.

1943-ல் வோக் கலை இயக்குநர் அலெக்ஸாண்டர் லிபர்மன் அவரை உதவியாளராகச் சேர்த்தார். வேலை, அட்டைப்படத்துக்கு யோசனை சொல்வது. பென் யோசனை சொன்னார், அங்கிருந்த பெரிய புகைப்படக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்படியானால் நீயே எடு என்றார் லிபர்மன். 1943 அக்டோபர் 1 இதழின் அட்டையில் ஒரு பை, கையுறை, பெல்ட், சில ஆரஞ்சு, எலுமிச்சை, ஒரு பெரிய புஷ்பராகக் கல். ஃபேஷன் பத்திரிகையின் அட்டை, ஆனால் ஒரு பெண்ணும் அதில் இல்லை. மேஜை மேல் அடுக்கிய பொருள்கள் மட்டுமே. அதற்கப்புறம் அவர் எடுத்த வோக் அட்டைகள் 150-க்கு மேல். இடையில் போர்க்காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டும் தொண்டராக இத்தாலிக்குப் போய் வந்தார்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம், புதிதாகக் கற்கிறவர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய இடம் இது.

பென்னுக்குப் பிடித்த வெளிச்சம் வடக்குப் பக்க ஜன்னல் வழியாக வருவது. ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக விரும்பியதும் அதைத்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சூரியன் பகலின் பெரும்பகுதி தெற்கு வானத்தில்தான் நகர்கிறது, அதனால் வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது. உள்ளே வருவது வானத்தின் வெளிச்சம் மட்டும். வெயில் என்பது ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம், மூக்கின் நிழல் கன்னத்தில் கத்தியால் கிழித்த மாதிரி விழும். வானமோ மிகப் பெரியது, ஜன்னல் முழுக்க அதுதான் தெரிகிறது. வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்காது, மெல்ல மெல்லக் கரையும். மென்மையான வெளிச்சம் என்று சொல்கிறார்களே, அதன் அர்த்தம் இவ்வளவுதான். மங்கலான வெளிச்சம் வேறு, மென்மையான வெளிச்சம் வேறு. ஆரம்பத்தில் எல்லாரும் இதைக் குழப்பிக்கொள்வோம்.

ஆனால் மென்மை மட்டும் இருந்தால் முகம் மாவுருண்டை மாதிரி தட்டையாகிவிடும். அதனால் பென் அந்த வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழவிட்டார், எதிர்ப்பக்கத்தை இருட்டவும் விட்டார். இருண்ட பக்கத்தில் எதிரொளிக்க வெள்ளைப் பலகை வைத்து நிழலைக் கழுவிவிடும் பழக்கம் ஸ்டூடியோக்களில் சாதாரணம், ஆனால் இவர் படங்களில் பல நேரம் அந்தப் பக்கம் இருண்டே கிடக்கிறது. 1957-ல் பிரான்ஸின் கான் நகரில் எடுத்த பிக்காசோவைப் பாருங்கள். தொப்பி, மேலே தூக்கிவிட்ட கோட்டுக் காலர், இரண்டுக்கும் நடுவே பாதி முகம் நிழலுக்குள், ஒரே ஒரு கண் மட்டும் வெளிச்சத்தில். அந்த ஒற்றைக் கண் நம்மைத் துளைக்கிறது என்றால் மற்ற எல்லாமே விலகி நிற்பதால்தான்.

இதே வெளிச்சத்தைத் தேடித்தான் 1950-ல் பாரிஸ் போனபோது, பழைய புகைப்படப் பள்ளி ஒன்றின் உச்சி மாடியில் ஸ்டூடியோ பிடித்தார்கள். பின்னணிக்கு ஒரு பழைய நாடகத் திரை கிடைத்தது. சாம்பல் நிறம், அங்கங்கே திட்டுத் திட்டாகக் கறை, முழுசாகச் சமமாக இல்லாத சாயம். பென் அதை விடவே இல்லை, கடைசிவரை கூடவே வைத்துப் பயன்படுத்தினார். அந்தக் கோடையில் புது உடைகளை அதன் முன்னால் அணிந்து நின்றவர்களில் முக்கியமானவர் லிசா ஃபான்சக்ரீவ்ஸ், ஸ்வீடனில் பிறந்தவர், நடனம் கற்றவர், அந்தக் காலத்தின் முதல் வரிசை மாடல். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள், 1992-ல் லிசா இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

ரோஷா நிறுவனத்தின் கடற்கன்னி உடையில் லிசா நிற்கும் படம் அந்த வரிசையில் வந்ததுதான். அதை ஒரு முறை உடையின் வெளிக்கோட்டை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால், அப்புறம் திடீரென்று விரியும் அடிப்பகுதி. பின்னணியில் ஒரு நாற்காலி இருந்திருந்தால்கூட அந்தக் கோடு உடைந்திருக்கும். தையல்காரர் துணியில் வெட்டிய கோட்டைப் பென் காற்றில் தனியாக வெட்டித் தருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நடனம் தெரிந்த உடம்பாக இருந்ததால் லிசாவால் அந்தக் கோட்டை அசையாமல் பிடித்து வைக்க முடிந்தது. இந்தப் பங்கைப் பல கட்டுரைகள் ஒரே வரியில் தாண்டிப் போவதில் எனக்கு வருத்தம் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள், சில பிரிண்ட்களில் திரையின் ஓரத்தையும் அதற்கு வெளியே தெரியும் ஸ்டூடியோவையும் வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார். இது ஒரு துணிதான், இது ஒரு அறைதான் என்று ஒளிக்காமல் காட்டுகிற தைரியம்.

சரி, அவர் வெளியிடத்தில் எடுக்கவே இல்லையா? எடுத்தார். 1948-ல் பெருவின் லிமா நகரில் ஜீன் பாட்செட்டை வைத்து எடுத்த காபிக்கடைப் படம் புகழ்பெற்றது: மாடல் ஒரு காலணியைக் கழற்றிவிட்டு, கழுத்து முத்துமாலையைப் பல்லில் கடித்தபடி ஏதோ யோசனையில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்க ஏதோ பெரிய கதையின் நடுப்பக்கம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பயணத்தின் நிஜமான கதை அதற்கப்புறம் நடந்தது. வேலை முடிந்ததும் மற்றவர்களோடு திரும்பாமல் பென் தனியாக மலைமேலிருக்கும் குஸ்கோவுக்குப் போனார். கிறிஸ்துமஸ் சமயம். ஊரில் ஒரு உள்ளூர் புகைப்படக்காரரின் ஸ்டூடியோ இருந்தது, வண்ணம் தீட்டிய பழைய திரை, கல் தரை, ஒரு பக்கம் முழுக்கப் பகல் வெளிச்சம். அதை மூன்று நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பண்டிகைக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களைத் தானே எடுத்தார். வழக்கமாக வருகிறவர்கள்தான் காசு கொடுப்பார்கள், இவரோ அவர்களுக்குக் காசு கொடுத்தார். மூன்று நாளில் சுமார் 200 உருவப்படங்கள். வெறுங்காலுடன் ஒரு சிறுவனும் சிறுமியும் ஒரு சின்ன மேஜையின் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் அதில்தான் வருகிறது, குழந்தைகளின் உடம்பு, பெரியவர்களின் முகம்.

குஸ்கோவில் கிடைத்த பாடம் பாரிஸுக்கு வந்தது. 1950-ல் அதே உச்சி மாடியில், அதே திரை முன்னால், உயர்ரக உடைகளுக்கு நடுநடுவே தெருவில் வேலை செய்கிறவர்களையும் வரவழைத்தார். தங்கள் வேலை உடையில், கையில் கருவியோடு வரச் சொன்னார்: கசாப்புக்காரர், ரொட்டிக் கடைக்காரர், தீயணைப்பு வீரர். பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் இதைத் தொடர்ந்தார். மூன்று ஊர்க்காரர்களும் மூன்று விதமாக இருந்தார்களாம். பாரிஸ்காரர்களுக்கு இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகம், ஆனாலும் காசுக்காக வந்தார்கள். லண்டன்காரர்கள் வேலை உடையில் படமெடுப்பதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார்கள். அமெரிக்கர்களில் சிலர், சொன்னதையெல்லாம் மறந்து, முகம் மழித்து, ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள், ஹாலிவுட்டுக்குப் போகும் முதல் படி இதுதான் என்ற நினைப்பில்.

பென்னின் வேலையில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இந்தப் பகுதிதான். பாலென்சியாகா என்ற வடிவமைப்பாளரின் உயர்ரக உடையில் நிற்கும் மாடலுக்கும் அழுக்குச் சாக்கோடு நிற்கும் தொழிலாளிக்கும் ஒரே திரை, ஒரே ஜன்னல், ஒரே கவனம். தொழிலாளியின் மேலங்கி எப்படித் தொங்குகிறது, மடிப்பு எங்கே விழுகிறது என்பதை அதே ஃபேஷன் கண்ணோடு பார்க்கிறார். மாடலையும் வேலை செய்கிற ஒருத்தியாகப் பார்க்கிறார்: உடையைத் தாங்கி நிற்பது அவள் தொழில், சாக்கைத் தாங்கி நிற்பது அவன் தொழில்.

ஆனால் இதே முறை எல்லா இடத்துக்கும் பொருந்தியதா? அறுபதுகளில் அவர் ஒரு கூடார ஸ்டூடியோவைச் செய்து, மடித்து எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் போனார். டஹோமி (இன்றைய பெனின்), நேபாளம், கேமரூன், நியூ கினி, மொராக்கோ என்று எங்கே போனாலும் கூடாரத்தின் ஒரு பக்கம் வெளிச்சத்துக்குத் திறந்திருக்கும், உள்ளே ஒரு திரை இருக்கும். அந்தப் படங்கள் 1974-ல் புத்தகமாக வந்தன. மனிதர்களை அவர்கள் வீடு, நிலம், பேர் எல்லாவற்றிலிருந்தும் பிரித்தெடுத்து அழகான மாதிரிகளாக நிறுத்திவிட்டார் என்ற விமர்சனம் அப்போதிலிருந்து இருக்கிறது. பாதி ஒப்புக்கொள்வேன். ஓ'கீஃபை வெற்றுத் திரை முன் நிறுத்தினால் நஷ்டமில்லை, அவர் யார் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். பேர் தெரியாத ஒருவரிடமிருந்து ஊரையும் எடுத்துவிட்டால் நமக்கு மிச்சமாவது நகையும் துணியும்தான். அதே நேரம் அந்தக் கூடாரம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு இடம், வெளியூர்க்காரராகப் பென்னும் அங்கே கூச்சப்பட்டுத்தான் நின்றிருப்பார். சில முகங்களில் தெரியும் நேர்ப்பார்வை, வேடிக்கை பார்க்கப்படுகிறவரின் பார்வையாக எனக்குத் தோன்றவில்லை.

இனி பிரிண்ட் கதை. பத்திரிகையில் வரும் படம் மையாலான அச்சு, ஓரிரு மாதத்தில் குப்பைக்குப் போகும். அதில் பென்னுக்கு ஏமாற்றம். 1964 வாக்கில், எல்லாரும் மறந்துவிட்டிருந்த 19-ஆம் நூற்றாண்டு முறை ஒன்றைத் தனியாக ஆராயத் தொடங்கினார்: பிளாட்டினம் பிரிண்ட். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் வெள்ளித் துகள்கள் காகிதத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் படலத்துக்குள் நிற்கும். பிளாட்டினத்தில் படலமே இல்லை, உலோகம் நேராகக் காகித இழையிலேயே தங்கிவிடும். அதனால் பளபளப்பு கிடையாது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் படிகள் மிக நிறைய, பல காலம் மங்காது. வில்லங்கம் என்னவென்றால் பெரிதாக்க முடியாது. பிரிண்ட் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் வேண்டும், அதைக் காகிதத்தோடு ஒட்டவைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். பென் ஒரு முறை பூசியதோடு விடவில்லை. பூசி, வெளிச்சம் காட்டி, கழுவி, காயவைத்து, மறுபடி பூசி மறுபடி வெளிச்சம் காட்டினார். தண்ணீர் பட்டால் காகிதம் சுருங்கும், இரண்டாவது தடவை நெகட்டிவ் மயிரிழை நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். அதற்காகக் காகிதத்தை அலுமினியத் தகட்டில் ஒட்டி, நெகட்டிவ் அதே இடத்தில் வந்து உட்கார ஊசிகள் வைத்தார். ஓவியத் துணியைக் கழுவிவிட்ட அதே ஆள்தான் இவர்.

இவ்வளவு மெனக்கெட்டு அவர் பிளாட்டினத்தில் போட்ட பொருள்களில் ஒன்று, தெருவில் கிடந்த சிகரெட் துண்டு. 1972-ல் பொறுக்கி வந்து, பெரிதாக எடுத்து, தூண் மாதிரி நிறுத்தினார். 1975-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவை தொங்கின. சிகரெட் விளம்பரம் தாங்கி வந்த பத்திரிகைகளுக்கு உழைத்தவர் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் கொஞ்சம் குறும்பும் தெரியும்.

விளம்பர வேலையை அவர் கீழாக நினைக்கவும் இல்லை. கேக்கைப் படமெடுப்பதும் கலையாகலாம் என்று 1953-ல் சொந்த ஸ்டூடியோ திறந்தபோது சொன்னவர். கிளினிக் (Clinique) என்ற நிறுவனத்தின் அழகுப் பொருள் விளம்பரங்களில் ஆள் இல்லாமல் வெறும் புட்டியும் சோப்பும் நிற்கும், அவை இவர் எடுத்தவை. ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயோடு எண்பதுகளில் தொடங்கித் தொண்ணூறுகள் வரை சேர்ந்து வேலை செய்தார், ஆனால் ஒரு வேடிக்கை: மியாகே படப்பிடிப்புக்கு வரமாட்டார், பென் அவருடைய ஃபேஷன் காட்சிக்குப் போகமாட்டார். உடை மட்டும் வந்து சேரும். அதை எப்படி எடுக்க வேண்டும் என்று மியாகே சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

2009 அக்டோபர் 7 அன்று நியூயார்க்கில், 92 வயதில் பென் இறந்தார். அவருடைய நூற்றாண்டுக்காக 2017-ல் அதே நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி ஒன்றை வைத்தது. பிரிண்ட்களோடு அந்தப் பாரிஸ் திரையையும் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். படங்களில் அவ்வளவு கம்பீரமாகத் தெரிகிற திரை, நேரில் கறை படிந்த ஒரு சாம்பல் துணி.